மாடிப்படி சேர் லிஃப்ட் கீழே இறங்குது, மேலே ஏற மாட்டேங்குது: அவசரம்

நங்கநல்லூர்_மகள்
அம்மாவுக்காக மாடிப்படியில சேர் லிஃப்ட் (ரெயில்ல ஓடி ஆளை ஏத்தி இறக்குற நாற்காலி) போட்டிருக்கோம். நேத்து சாயந்திரம் பாதி படியில நின்னுடுச்சு. எப்படியோ கீழே கொண்டு வந்துட்டோம். இப்ப மேலே போகவே மாட்டேங்குது. பெட்ரூம் மாடியில இருக்கு, அம்மா ராத்திரி ஹால் சோபாவுலதான் படுத்தாங்க. போட்டுக் கொடுத்தவங்க ஞாயித்துக்கிழமைன்னு போன் எடுக்கல. என்ன பண்ணலாம், சீக்கிரம் சொல்லுங்க.

தாம்பரம்74
லோ வோல்டேஜா இருக்கும். சாயந்திரம் எல்லா வீட்லயும் ஏசி ஓடும்போது எங்க பக்கம் 180 தான் வருது. ஒரு ஸ்டெபிலைசர் போட்டுப் பாருங்க.

ரெயில்கியர்
வோல்டேஜ் காரணமா இருக்க வாய்ப்பு கம்மி. வீட்டு சேர் லிஃப்ட் பெரும்பாலும் 24 வோல்ட் பேட்டரியில ஓடுறது. கரண்ட் சார்ஜருக்கு மட்டும்தான் போகுது. அதனாலதான் பவர் கட்லயும் சில தடவை ஏறி இறங்க முடியுது.

அடுக்கடுக்கா கேள்வி கேக்குறேன்னு நினைக்காதீங்க, இது தெரிஞ்சாதான் சொல்ல முடியும்: போட்டு எத்தனை வருஷம்? நேர் ரெயிலா, வளைவா? கீழே பட்டன்ல இறங்குச்சா, கையால சுத்தி இறக்கினீங்களா? சேர் வழக்கமா எங்கே நிக்கும்? பீப் சத்தம் வருதா?

பாதுகாப்பு_தட்டு
இறங்குது, ஏறலைன்னா கால் பலகையைப் பாருங்க. பலகையோட ஓரத்துல அழுத்தினா உள்ளே போற தட்டு இருக்கும். மேல் பக்கத் தட்டுல ஏதாவது சிக்கி சுவிட்ச் அழுந்தியே இருந்தா மேலே மட்டும் போகாது, எதிர்த் திசையில போக விடும். செருப்பு, துடைப்பக் குச்சி, பூஜை சாமான் எல்லாம் சிக்குறது சகஜம். நாலு ஓரத்தையும் கையால அழுத்தி விடுங்க. 'டிக்'னு வெளியே வரணும்.

அடையாறு_வின்ச்
இங்கே வர்ற பத்துல எட்டு பேர் மாடல் சொல்றதில்ல, வருஷம் சொல்றதில்ல, விடை மட்டும் உடனே வேணும். முதல்ல மேனுவலை எடுத்துப் படிங்க. கைப்பிடியில சாவி ஆன்ல இருக்கா, சேர் நேரா திரும்பி லாக் ஆகியிருக்கா, பெல்ட் மாட்டியிருக்கா, சார்ஜர் சுவிட்ச் போட்டிருக்கா. இந்த நாலையும் பாக்காம யாரும் இழை தொடங்கக் கூடாது.

ரெயில்கியர்
வின்ச் சார், சேர் லாக் ஆகலைன்னா, சாவி ஆஃப்ல இருந்தா ரெண்டு திசையும் நிக்கும். இவங்களுக்கு ஒண்ணுதான் நிக்குது. அம்மா சோபாவுல படுத்திருக்காங்க, கொஞ்சம் பொறுமையா சொல்லலாம்.

நங்கநல்லூர்_மகள்
நாலு வருஷம் ஆச்சு. நேர் ரெயில். பட்டன்லதான் இறங்குச்சு. எப்பவும் கீழேதான் நிக்கும். பீப் சத்தம் ஒரு வாரமா அப்பப்ப கேக்குது, அது சாதாரணம்னு விட்டுட்டோம். தட்டெல்லாம் அழுத்திப் பாத்தேன், எதுவும் சிக்கல. மேலே பட்டன் அழுத்தினா ஒரு சாண் நகர்ந்து, முனகி, நின்னுடுது.

ரெயில்கியர்
"ஒரு சாண் நகர்ந்து முனகி": இதை முதல் பதிவுலயே சொல்லியிருந்தா பாதி வேலை முடிஞ்சிருக்கும். பாதுகாப்பு தட்டு அழுந்தியிருந்தா மோட்டார் அசையவே அசையாது. கொஞ்சம் நகர்ந்து தளர்ந்து நின்னா பேட்டரியில தெம்பு இல்ல. இறங்கும்போது உடம்பு எடையே இழுத்துக்கிட்டுப் போகும், மோட்டார் இழுக்குற கரண்ட் ரொம்பக் கம்மி. ஏறும்போதுதான் பேட்டரியோட நிஜ நிலைமை தெரியும்.

முதல்ல சேர்ல யாரையும் உக்கார வைக்காம ரிமோட்ல மேலே அனுப்புங்க. காலி சேர் போயிட்டா சந்தேகமே வேண்டாம். ஆள் உக்காந்து மறுபடி முயற்சி பண்ணாதீங்க, பாதியில நின்னா இறக்குறது கஷ்டம். சில மாடல்ல கையால சுத்துற சக்கரம் உண்டு. அதைத் தொடுறதுக்கு முன்னாடி சேரோட சுவிட்சை ஆஃப் பண்ணணும்.

அடுத்து மல்டிமீட்டர். பக்கத்து எலக்ட்ரீஷியன்கிட்ட இருக்கும். டிசி 200-ல வெச்சு:

சேர் அடிப்பக்க மூடியைக் கழட்டினா 12 வோல்ட் பேட்டரி ரெண்டு, வரிசையா இணைச்சிருக்கும். தனித்தனியா அளங்க. முழு சார்ஜ்ல சும்மா இருக்கும்போது ஒண்ணு 12.7, 12.8 காட்டணும். 12-க்குப் பக்கத்துல இருந்தா ஏறக்குறைய காலி. காலி சேரை மேலே அனுப்பும்போது யாராவது மீட்டரைப் பாக்கட்டும், ஒண்ணு 10.5-க்கு கீழே விழுந்தா அது முடிஞ்சுது. மோதிரம், வளையல் கழட்டி வெச்சுட்டு வேலை பாருங்க. பேட்டரி முனை ரெண்டும் உலோகத்துல பட்டா சுட்டுடும்.

தாம்பரம்74
அப்ப ஆன்லைன்ல 12 வோல்ட் 7 ஏஹெச் (ஆம்பியர்-ஹவர், பேட்டரியோட கொள்ளளவு) ரெண்டு வாங்கிப் போட வேண்டியதுதானே? கம்ப்யூட்டர் யுபிஎஸ் பேட்டரிதான். ரிச்சி ஸ்ட்ரீட்ல கிடைக்கும். கம்பெனிக்காரன் இதுக்கே பல மடங்கு கேப்பான்.

அடையாறு_வின்ச்
"தானே"ன்னு சொல்லி முடிச்சுடாதீங்க. பழைய பேட்டரி மேல எழுதியிருக்கறதைப் பாத்து அதே வோல்ட், அதே ஏஹெச். முனையோட அகலம் 4.8 மில்லிமீட்டரா 6.3 மில்லிமீட்டரா, அதுவும் ஒத்துப்போகணும். பெரிய கிளிப் சின்ன முனையில தளதளன்னு உக்காந்தா சூடாகி உருகும். ரெண்டையும் சேத்துதான் மாத்தணும். பழசும் புதுசும் ஜோடி சேந்தா புதுசும் சீக்கிரம் போயிடும். பைக் பேட்டரி வேண்டவே வேண்டாம், சீட்டுக்கு அடியில ஆசிட் கசியும். லித்தியமும் வேண்டாம், சார்ஜர் அதுக்கானது இல்ல.

மொட்டைமாடி
கம்பெனி பேட்டரியும் அதே 12 வோல்ட் 7 தான், மேல ஒரு ஸ்டிக்கர். யுபிஎஸ் பேட்டரி திடீர்னு நிறைய கரண்ட் கொடுக்கவே செஞ்சது, இதுக்குப் பொருத்தம்தான். தயாரிப்புத் தேதி மட்டும் பாத்து வாங்குங்க, கடையில மாசக்கணக்குல தூங்கினது வேண்டாம்.

அடையாறு_வின்ச்
சர்வீஸ் ஒப்பந்தம் இருக்கும்போது வெளிப் பேட்டரி போட்டா அடுத்த கோளாறுக்கு அவங்க பொறுப்பேத்துக்க மாட்டாங்க. ஆயிரம் ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் சேரோட சர்க்யூட் போர்டுக்குச் செலவு பண்ணாதீங்க.

மொட்டைமாடி
ஞாயித்துக்கிழமை போன் எடுக்காத ஒப்பந்தம் என்னத்துக்குங்க? வயசானவங்க வீட்ல இது குளிரூட்டி இல்ல, இது படிக்கட்டு.

தாம்பரம்74
எல்லாரும் இன்வெர்ட்டர் லைன்ல சார்ஜரைப் போட்டா பிரச்சினையே வராதுன்னு நினைக்கிறேன்.

ரெயில்கியர்
தேவையில்ல சார். ஒரு நாள் பவர் கட்டை சேரோட பேட்டரியே தாங்கும். ஒப்பந்தச் சண்டையை வேற இழையில வெச்சுக்கலாம்.

இவங்க விஷயத்துல இன்னொண்ணு பாக்கி. பீப் வந்தா பல மாடல்ல 'எனக்கு சார்ஜ் வரலை'ன்னு அர்த்தம். சேர் ரெயிலோட சார்ஜ் ஏறுற முனையிலேயே நின்னும் பீப் வருதுன்னா, புது பேட்டரி போட்டாலும் கொஞ்ச நாள்ல இதே கதிதான். ரெயிலோட கீழ் முனையில செம்பு மாதிரி ரெண்டு தகடு இருக்கும். சேரைத் தள்ளி நிறுத்திட்டு அதுல அளங்க. 27 வோல்ட்டுக்கு மேல வரணும், மாடலைப் பொறுத்து 30-ஐத் தாண்டினாலும் தப்பில்ல. மீட்டர் முனை ரெண்டு தகட்டையும் சேத்து உரசிடக் கூடாது, சார்ஜர் பியூஸ் போயிடும். மேல் முனையிலயும் அளந்து சொல்லுங்க.

நங்கநல்லூர்_மகள்
எலக்ட்ரீஷியன் அண்ணா வந்தார். காலி சேர் மேலே போயிடுச்சு. பேட்டரி 12.3, 11.6. மேல் முனையில 27.6. கீழ் முனையில 0. தகடு பச்சையா பூத்திருக்கு.

பாதுகாப்பு_தட்டு
தினம் தரை துடைக்கிற தண்ணி, பினாயில். கீழ்ப் படி ஓரத்துல தெறிச்சு செம்பு பச்சை பிடிக்கும். நம்ம ஊர் ஈரக்காத்து வேற.

ரெயில்கியர்
அதேதான். மேல் முனையில வருதுன்னா சார்ஜர் நல்லா இருக்கு. சுவர் சுவிட்சை ஆஃப் பண்ணிட்டு, நைசான 400 நம்பர் உப்புத்தாள் வெச்சு லேசா தேய்ச்சு, ஸ்பிரிட் தொட்ட பஞ்சால துடைங்க. அரம் வேண்டாம், எண்ணெய் வேண்டாம். சேர் பக்கத்துல இருக்கிற ஸ்பிரிங் முனையையும் விரலால அழுத்துங்க, துள்ளி வெளியே வரணும். அப்புறமும் 0-ன்னா ரெயிலுக்குள்ள கீழே போற வயர் விட்டிருக்கு, அது ஆள் வெச்சுப் பாக்கணும். இன்னிக்கு ராத்திரி சேரை மேலேயே சார்ஜ்ல நிறுத்துங்க. 11.6 காட்டினது அடி வாங்கியிருக்கு, எப்படியும் ஜோடியா மாத்திடுங்க.

நங்கநல்லூர்_மகள்
தேய்ச்சதும் கீழே 27.5 வந்துடுச்சு. பீப் நின்னுடுச்சு. பேட்டரி ரெண்டும் நாளைக்கு. அதுவரைக்கும் அம்மா ஹால்லயே. ரொம்ப நன்றி.

அடையாறு_வின்ச்
கழட்டுறதுக்கு முன்னாடி எந்த வயர் எதுலன்னு போட்டோ எடுங்க. மாறிப் போட்டா பியூஸோ போர்டோ போகும். பழைய பேட்டரியைக் குப்பையில போடாம கடையிலயே கொடுங்க.

வேளச்சேரி_பேரன்
எங்க வீட்லயும் இதே சேர், ஆனா ரெண்டு பக்கமும் நகரலை. இங்கேயே கேக்கலாமா?

ரெயில்கியர்
புது இழை போடுங்க தம்பி. மாடல், வருஷம், பீப் உண்டா, லைட் என்ன நிறம், எல்லாத்தையும் சேத்து.