பழைய அறைவீட்டை இடிப்பதா, வைத்திருப்பதா?

வாவிக்கரையான்:
மட்டக்களப்பில் எங்கள் கத்தோலிக்கக் கோயிலின் அறைவீட்டை (பாதர் தங்கும் வீடு; எழுத்தில் குருமனை, ஊரில் யாரும் அப்படிச் சொல்வதில்லை) இடித்துவிட்டு மாடி கட்டலாம் என்று பங்குச் சபையில் பேச்சு நடக்கிறது. முழத்துக்கு மேல் தடித்த சுவர், முதிரை மரம், பீலி ஓடு, சுற்றிவர விறாந்தை. 1978 சூறாவளிக்கு ஓடு பறந்தது, சுவர் அசையவில்லை என்று அம்மம்மா சொல்வார். கோயில் மரபுரிமைதான், பாதர் படுத்தெழும்பின வீட்டுக்கு என்ன மதிப்பு என்று கேட்கிறார்கள். என்ன பதில் சொல்வது?

மிக்கேல் பழையவன்:
படுக்க மட்டுமா அந்த வீடு? 1893இல் திருகோணமலை மறைமாவட்டம் உருவாகி, பிரெஞ்சு இயேசு சபைத் துறவிகள் வந்து, அவர்களுக்குப் பிறகு அதே சபையின் அமெரிக்க நியூ ஓர்லியன்ஸ்காரர் வந்து, 2012இல் மட்டக்களப்பு தனி மறைமாவட்டமாகும் வரைக்கும் பள்ளிக்கூடக் கணக்கு, ஞானஸ்நானப் பதிவு, ஊர்ச் சண்டை எல்லாம் அறைவீட்டு விறாந்தையில்தான் தீர்ந்தன. இங்கே வெபர் விளையாட்டு மைதானம் என்கிறோமே, அதுவும் ஓர் இயேசு சபைப் பாதரின் பெயர்தான். யுத்த காலத்தில் பிள்ளையைக் காணவில்லை என்று தாய்மார் முதலில் ஓடியது பொலிசுக்கா? அதே சபையின் மில்லர் பாதரிடம் போனவர்கள் இன்னும் இருக்கிறார்கள். போய்க் கேளுங்கள்.

கல்லடிப் பிள்ளை:
எல்லாம் சரி அண்ணே, மார்கழி மழைக்கு வாளி வைத்துவிட்டுப் படுக்கிறது பாதர்தானே, நாங்கள் இல்லையே. திருத்தக் காசு யார் தருவது?

சாந்து மேசன்:
ஒழுக்குக்குக் காரணம் பழுதான ஓடு; சுவர் ஈரத்துக்குக் காரணம் பழமை இல்லை, பெரும்பாலும் இடையில் செய்த திருத்தம்தான். சுண்ணாம்புச் சுவருக்கு மேல் சீமெந்து பூசினால் ஈரம் வெளியே போக வழியில்லாமல் உள்ளே நிற்கும், வாவிப் பக்கத்து உப்பும் சேர்ந்து சுவரைப் பொரித்துவிடும். சீமெந்தை உரித்து, திரும்பச் சுண்ணாம்பே பூசுங்கள். ஓட்டை இறக்கிப் பழுதானதை மட்டும் மாற்றுங்கள். மறுகா இடிக்கிற கதையைப் பேசலாம்.

புளியந்தீவான்:
தொல்பொருள் திணைக்களத்துக்கு எழுதலாமே என்று யாராவது சொல்வார்கள். 1940ஆம் ஆண்டுத் தொல்பொருள் கட்டளைச் சட்டத்தின்படி வர்த்தமானியில் போட்டுப் பாதுகாக்க வழி இருக்கிறது. ஆனால் 2020இல் கிழக்கு மாகாணத்துக்கென்றே அரசு அமைத்த தொல்பொருள் செயலணியில் தொடக்கத்தில் ஒரு தமிழரோ முஸ்லிமோ இருக்கவில்லை, அதனால் தொல்பொருள் என்ற பெயரைக் கேட்டாலே சனம் பயப்படுகிறது, அதில் பிழையும் இல்லை. முதலில் ஆயர் இல்லத்தோடு பேசுங்கள். அதற்கு முன் ஒவ்வொரு அறையையும் அளந்து படம் எடுத்து வையுங்கள். இடிபட்டாலும் அதுவாவது மிஞ்சும்.

வாவிக்கரையான்:
நேற்று அளந்தோம். பின் அறை அலுமாரியில் பழைய பதிவேடுகள், பாதி கறையான் தின்றது. சாந்து மேசன் அண்ணே, சுண்ணாம்பு வேலை தெரிந்த ஆள் யாரும் இந்தப் பக்கம் இன்னும் இருக்கிறார்களா?

சாந்து மேசன்:
ஒருவர் இருக்கிறார், வயது போய்விட்டது. ஏணி ஏறமாட்டார், கீழே இருந்து சொல்லித் தருவார். கேட்டுப் பார்க்கிறேன்.