மத்தேயு 6:33 வேதபாடம்: தண்டல் கட்டுகிற வீட்டில் "போதும்" என்று எப்படிச் சொல்வது?

கேட்டவர்: தண்டையார்பேட்டை வேதபாடம்

ஸ்தோத்திரம். எங்கள் பகுதி வீட்டு ஜெபக்கூட்டத்தில் நாலு வாரம் வேதபாடம் எடுக்க வேண்டும். பகுதி மத்தேயு 6:19-34, அதோடு 1 தீமோத்தேயு 6:6-19. காசிமேட்டில் மீன் எடுத்துத் தெருவில் விற்கிற பெண்கள், எம்.சி. ரோடு ஜவுளிக்கடையில் வேலை செய்கிறவர்கள், துறைமுகக் கான்ட்ராக்ட் தொழிலாளர்கள், சின்ன மளிகைக்கடை வைத்திருக்கிற இருவர் என்று கலந்து வருகிறார்கள். பாதிப் பேருக்கு மேல் தண்டல் (தினமும் தவணை கட்டுகிற வட்டிக்கடன்) கட்டுகிறார்கள்.

இரண்டு பக்கமும் இடிக்கிறது. "இருக்கிறது போதும்" என்றால், வாயை மூடிக்கொண்டு கஷ்டப்படு என்று சொன்னதாக ஆகிவிடும். 6:33-ஐ வாசித்து, முதலாவது தேவனுடைய ராஜ்யத்தையும் அவருடைய நீதியையும் தேடினால் "இவைகளெல்லாம் கூடக் கொடுக்கப்படும்" என்றால், காணிக்கை விதைத்தால் வீடு வரும் என்று வேறு கூட்டங்களில் கேட்டதோடு முடிச்சுப் போட்டுக்கொள்வார்கள். எந்த வரிசையில் எடுப்பது? கையில் செய்ய ஏதாவது பயிற்சி உண்டா?

கல்மண்டபம்

பிரதர், 33-ஆம் வசனத்தில் தொடங்காதீர்கள். அதைத் தனியாக எடுத்து காலண்டரில் போட்டதால்தான் இவ்வளவு குழப்பமும். 24-இல் தொடங்குங்கள்: இரண்டு எஜமான்களுக்கு ஊழியம் செய்ய முடியாது. 25 "ஆகையால்" என்று அதிலிருந்துதான் கிளம்புகிறது. பிறகு 31-ஐ எல்லாரையும் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். என்னத்தை உண்போம், என்னத்தைக் குடிப்போம், என்னத்தை உடுப்போம். 33-இல் வருகிற "இவைகளெல்லாம்" இந்த மூன்றும்தான். பைக்கும் இல்லை, செங்குன்றம் பக்கம் பிளாட்டும் இல்லை. பவுலும் 1 தீமோத்தேயு 6:8-இல் இதே அளவில்தான் கோடு கிழிக்கிறார்: உண்ணவும் உடுக்கவும் உண்டாயிருந்தால் போதும்.

காணிக்கை விதைப்புக்கு வேறு மேற்கோள் தேட வேண்டாம், அதே அதிகாரத்தின் 5-ஆம் வசனம் இருக்கிறது. தேவபக்தியை ஆதாயத் தொழிலாக நினைக்கிறவர்களை விட்டு விலகச் சொல்லிவிட்டுத்தான் 6-ஆம் வசனத்துக்கே பவுல் வருகிறார். 5-ஐ விட்டுவிட்டு 6-ஐ வாசித்தால் பாதி பாடம் போச்சு.

மத்தேயு 6:33-இல் "அவருடைய நீதியையும்" என்றும் இருக்கிறதே, அதை யாரும் தொடுவதில்லை. மத்தேயு 5:6-இல் நீதிக்காகப் பசிதாகம், 5:10-இல் நீதியினிமித்தம் துன்பம். தேடினால் சில நேரம் கையில் இருப்பதும் போகும் என்பது முன் அதிகாரத்திலேயே சொல்லியாயிற்று. போதும் என்பது என் ஆசைக்குப் போடுகிற அளவு. நீதி என் தராசையும், நான் அடுத்தவனுக்குக் கொடுக்க வேண்டியதையும் பற்றியது. முதலாவதைப் பேசி இரண்டாவதை விட்டால்தான் நீங்கள் பயப்படுகிற "வாயை மூடிக்கொண்டு இரு" உபதேசம் வரும்.

மின்ட் தெரு கணக்கு

பயிற்சிக்கு என் யோசனை: இரண்டாம் வாரம் தண்டல் கணக்கைப் பலகையில் போட்டுக் காட்டுங்கள். 10,000 எழுதிக்கொண்டு கையில் 8,500 தருவார்கள், நாளுக்கு 100 வீதம் நூறு நாள். "ஆயிரத்து ஐந்நூறுதானே வட்டி" என்று தோன்றும். ஆனால் 8,500 நூறு நாளும் நம் கையில் இருப்பதில்லை. முதல் நாளிலிருந்தே குறைகிறது, சராசரியாகப் பாதிதான் நம்மிடம் இருக்கும். கணக்குப் பார்த்தால் மாதம் நூற்றுக்குப் பத்து ரூபாய்க்கு ஒட்டி வருகிறது, அதாவது பத்து வட்டி. பேங்க் நகைக்கடன் ஒரு ரூபாயை ஒட்டித்தான்.

இதைவிடக் கெடுதல் புதுப்பிக்கிறது. அறுபதாம் நாள் பணம் போதாமல் மறுபடி 10,000 எழுதினால், பழைய பாக்கி 4,000, புது வட்டி 1,500 பிடித்துக்கொண்டு கையில் 4,500 வரும். அந்த 4,000-க்குள் முன்னாடியே பிடித்த வட்டியும் கிடக்கிறது. அதைக் கழித்துத் தருகிற தண்டல்காரர் கிடையாது.

மீன் விற்கிற சிஸ்டர்களுக்கு ஒரே ஒரு வேலை கொடுங்கள்: இரண்டு சுருக்குப்பை. ஒன்றில் நாளைக்குச் சரக்கு எடுக்கிற முதல், இன்னொன்றில் லாபம். அரிசி, பால், பிள்ளைகள் செலவு எல்லாம் லாபப் பையிலிருந்து மட்டும். ஒரே பையாக இருந்தால் சாயங்காலச் செலவில் முதல் கரைந்துவிடும், விடியற்காலை ஏலத்துக்குப் போகக் காசிருக்காது, தண்டல்காரர் வாசலில் நிற்பார். அங்கே இருப்பது பேராசை இல்லை. அவர்களிடம் போய்ப் பண ஆசையைப் பற்றிப் பிரசங்கம் பண்ணினால் அடுத்த வாரம் வரமாட்டார்கள், வராததும் நியாயம்தான்.

யாராவது தன் கடன் கணக்கைத் தாளில் எழுதினால் அதை வாங்கிப் பார்க்காதீர்கள், சத்தமாக வாசிக்கவும் சொல்லாதீர்கள். ஒருத்தர் கடன் எவ்வளவு என்று தெரிந்தால் மறுநாள் குழாயடியில் பேச்சாகிவிடும்.

கொருக்குப்பேட்டை

மேலே உள்ள இரண்டையும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு குறை. மொத்தப் பாரமும் கடன் வாங்கினவர் தலையிலேயே விழுகிறது. பையைப் பிரித்து வைக்க வேண்டியவர் மீன்கார அக்கா, வட்டி வாங்குகிறவருக்கு ஒரு பாடமும் இல்லையா? சபையிலேயே வட்டிக்கு விடுகிறவர்கள் உண்டு. பணத்தை வட்டிக்குக் கொடாதவனைப் பற்றிச் சொல்கிற சங்கீதம் 15:5-ஐ அவர்கள் முன்னால் வாசியுங்கள். தமிழ்நாட்டில் 2003-லிருந்தே கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது என்பதையும் சொல்லுங்கள்.

மூன்றாம் வாரத்துக்கு லூக்கா 3:10-14 எடுங்கள். நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டவர்களுக்கு யோவான்ஸ்நானகன் தொழில்வாரியாகப் பதில் சொல்கிறார். "உங்கள் சம்பளமே போதும்" என்பதை அவர் சொன்னது போர்ச்சேவகரிடம், அதாவது கையில் ஆயுதத்தோடு மிரட்டிப் பிடுங்கக்கூடியவனிடம். கூலி கிடைக்காதவனிடம் அப்படிச் சொன்னதாக வேதத்தில் இல்லை. அவனைப் பற்றி லேவியராகமம் 19:13 பேசுகிறது: கூலிக்காரன் கூலி விடியும்வரை உன்னிடம் இருக்கக் கூடாது. யாக்கோபு 5:4 அதையே இன்னும் கடுமையாகச் சொல்கிறது.

உங்கள் குழுவுக்கே பொருத்திப் பாருங்கள். மளிகைக்கடைக்காரருக்கு உபாகமம் 25:13-15, பையில் இரண்டுவித எடைக்கல். இன்றைக்கு அது எலெக்ட்ரானிக் தராசு. வருஷாவருஷம் முத்திரை போட்டிருக்கிறதா, கவரையும் சேர்த்து நிறுக்கிறாரா? ஜவுளிக்கடை முதலாளி யாராவது வந்தால், விற்பனைப் பெண்கள் உட்கார இருக்கை போட வேண்டும் என்று 2021-இல் சட்டத்திருத்தம் வந்ததே, நாற்காலி இருக்கிறதா என்று கேளுங்கள். துறைமுகப் பிரதர்களுக்கு: பி.எஃப். என்று 12 சதவீதம் பிடிக்கிற கான்ட்ராக்டர் அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். யு.ஏ.என். (பி.எஃப். உறுப்பினர்) எண்ணை வைத்து உமங் என்கிற அரசு செயலியில் பாஸ்புக் பார்க்கலாம். கட்டியிருக்காவிட்டால் கேட்பது அதிருப்தி ஆகாது. பாடம் நடக்கும்போதே போனில் பார்க்கச் சொல்லலாம், பத்து நிமிஷ வேலை.

தண்டையார்பேட்டை வேதபாடம்

மிகவும் நன்றி. லூக்கா 3 யோசிக்கவே இல்லை. ஒரு சந்தேகம்: "பூமியிலே பொக்கிஷங்களைச் சேர்த்து வைக்க வேண்டாம்", "நாளைக்காகக் கவலைப்படாதிருங்கள்" இரண்டையும் வாசித்துவிட்டு சேமிக்கச் சொன்னால் கேள்வி வருமே?

ராயபுரம்

கத்தோலிக்கத் தரப்பிலிருந்து எழுதுகிறேன், புத்தகப் பெயர்கள் உங்கள் வழக்கப்படியே சொல்கிறேன். யாத்திராகமம் 16-ஐ எடுங்கள். வனாந்தரத்தில் தேவன் கொடுத்த உணவான மன்னாவை ஆளுக்கு ஒரு ஓமர் (அந்தக் கால அளவு) எடுக்க வேண்டும். சொல்லைக் கேட்காமல் சிலர் மறுநாளுக்கு மீதி வைத்தது புழு பிடித்து நாறியது (வசனம் 20). ஆறாம் நாள் இரண்டு ஓமர் எடுத்து வைத்தார்கள், அது கெடவில்லை (வசனம் 24). வைத்தது அதே மன்னாதான். மறுநாள் கிடைக்காது என்று முன்பே சொல்லப்பட்ட நாளுக்காக வைத்ததில் குற்றம் இல்லை.

நம் பக்கம் அந்த நாள் எதுவென்று காலண்டரிலேயே இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு போகாது, மீன் வரத்து குறையும், விலை ஏறும், கூடைக்காரப் பெண்களுக்கு வியாபாரம் படுக்கும். பள்ளிக்கூடம் திறக்கிற செலவும் அதே ஜூனில். தண்டல் அதிகம் ஏறுவது அப்போதுதான். ஜனவரி 1-லிருந்து ஏப்ரல் 14 வரை 104 நாள். நாளுக்கு 40 ரூபாய் வைத்தால் 4,160 சேரும். வீட்டு உண்டியல் வேண்டாம், உடைத்துவிடுவார்கள். போஸ்ட் ஆபீஸ் கணக்கோ மகளிர் குழுவோ போதும். பதிவு செய்யாத சீட்டிலும், மாதம் மூன்று வட்டி தருகிறோம் என்கிற திட்டத்திலும் போட வேண்டாம். 1 தீமோத்தேயு 6:9 சொல்கிற கண்ணிக்கு அதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

வாராவாரம் முடிவு ஜெபத்துக்கு நீதிமொழிகள் 30:8-9 வைத்துக்கொள்ளலாம். தரித்திரமும் வேண்டாம், ஐசுவரியமும் வேண்டாம் என்று இரண்டையும் சேர்த்துக் கேட்கிற ஜெபம் அது.

கல்மண்டபம்

கொருக்குப்பேட்டை சொன்னதுதான் சரி. அப்படியானால் வரிசையை மாற்றுகிறேன்: முதல் வாரம் மத்தேயு 6:24-34, இரண்டாவது லூக்கா 3, மூன்றாவது தண்டல் கணக்கும் மன்னாவும், கடைசியில்தான் 1 தீமோத்தேயு 6. நீதியைப் பேசின பிறகு "போதும்" என்றால் யாருக்கும் உறுத்தாது. ஐசுவரியவான்கள் தாராளமாய்க் கொடுக்க வேண்டும் என்கிற 17-19 வசனங்களுக்குக் கடைசி வாரம் அரைமணி நேரமாவது ஒதுக்குங்கள், மளிகைக்கடைக்காரர்கள் அன்றைக்குக் கட்டாயம் இருக்க வேண்டும். எம்.சி. ரோடு ஆட்கள் கடை அடைத்து வரவே ஒன்பதரை ஆகிவிடும், அதனால் ஞாயிறு சாயங்காலத்துக்கு மாற்ற முடியுமா பாருங்கள் பிரதர்.