கர்ப்பிணிகளுக்கு மாத்திரை போகிறது, ஹெச்பி (ரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவு) ஏறவில்லை. ஊர்க்குழு என்ன செய்யலாம்?

மகளிர்குழு ஊக்குநர், தருமபுரி மாவட்டம்:
எங்கள் ஊராட்சியில் இப்போது 14 கர்ப்பிணிகள். ஆறு பேருக்கு ஹெச்பி 8-க்கும் 9-க்கும் நடுவிலேயே நிற்கிறது. மூன்று மாதமாக எல்லோரும் இரும்புச்சத்து மாத்திரை வாங்குகிறார்கள். நர்சம்மா ‘சாப்பிடுவதில்லை’ என்கிறார்; அவர்களைக் கேட்டால் ‘சாப்பிடுகிறோம்’ என்கிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையம் 11 கிலோமீட்டர், பஸ் இரண்டு வேளைதான். கேழ்வரகுக் களி, கீரை சாப்பிடச் சொல்வதைத் தாண்டி ஊர்க்குழு உருப்படியாக என்ன செய்ய முடியும்?

கிராம சுகாதாரச் செவிலியர்:
அக்கா, இரண்டு பேர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம். சாப்பிடுகிறார்கள், ஆனால் உடம்பில் சேராத நேரத்தில்.

வழக்கமாக நடப்பது இதுதான்: சத்து மாத்திரையையும் கால்சியத்தையும் ஒரே கையில் வைத்து, காலை டீயோடு விழுங்கிவிடுகிறார்கள். கால்சியமும் டீயும் இரும்பைச் சேரவிடாது. ஹெச்பி 11-க்குக் கீழே போனவர்களுக்கு 60 மில்லிகிராம் இரும்புச்சத்து மாத்திரை தினம் இரண்டு. அதற்கு நேரத்தை இப்படிப் பிரித்துக் கொடுங்கள்: காலை, மதியச் சாப்பாட்டோடு கால்சியம். பதினோரு மணிக்கு ஒரு சத்து மாத்திரை, இரவு படுக்கப் போகும்போது இன்னொன்று, எலுமிச்சைத் தண்ணீரோடு. டீ வேண்டுமென்றால் முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் தள்ளி.

பதினோரு மணிக்கு அவர்கள் நூறு நாள் வேலையில் இருப்பார்கள், மாத்திரை வீட்டு அலமாரியில் இருக்கும். அதனால் அட்டையிலிருந்து ஒரு மாத்திரையை உறையோடு நறுக்கி, தூக்குப் போசியோடு சுருக்குப் பையில் போட்டுவிடச் சொல்லுங்கள். வேலை இடத்தில் மேற்பார்க்கும் மேட் அக்கா ஒரு குரல் கொடுத்தால் போதும்.

நிறுத்துவதற்கும் காரணங்கள் உண்டு. மலம் கறுப்பாகப் போகும், வயிறு பிரட்டும், மலச்சிக்கல் வரும். கறுப்பாகப் போவது ஆபத்தில்லை என்பதை முதல் அட்டை கொடுக்கும் அன்றே சொல்லாவிட்டால் நான்காம் நாள் மாத்திரை குப்பைக்குப் போகும். பிரட்டல் தாங்காதவர்களுக்கு முதல் வாரம் இரவு ஒன்று மட்டும், சாப்பிட்ட கையோடு, பிறகு இரண்டு. ‘குழந்தை கறுப்பாகப் பிறக்கும்’, ‘குழந்தை பெருத்து ஆபரேஷன் ஆகும்’ என்று மாமியார் சொல்வதை மருமகளிடம் மறுத்துப் பயனில்லை. மாமியாரையே அங்கன்வாடிக்கு வரவழைத்துப் பேசுங்கள்.

ஒரு வேண்டுகோள்: ‘சாப்பிட்டாயா?’ என்று கேட்காதீர்கள், காலி அட்டையைக் கேளுங்கள். மாதம் 60 மாத்திரை என்றால் ஆறு அட்டை காலியாகத் திரும்பி வர வேண்டும். ஹெச்பி எண்ணைக் குழுக் கூட்டத்தில் பெயரோடு வாசிக்கவே வேண்டாம். அடுத்த மாதம் வரமாட்டார்கள்.

கேழ்வரகு கால்சியத்துக்கு நல்லது. அதிலிருக்கும் இரும்பு உடம்பில் சேர்வது குறைவு. முருங்கைக்கீரை, ஈரல், கருவாடு எல்லாம் நல்லதுதான், ஆனால் 8-ல் நிற்கும் ஹெச்பியை உணவு மட்டும் பிரசவத்துக்குள் ஏற்றிவிடாது.

ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்:
சிஸ்டர் சொன்னதோடு இரண்டு விஷயம். முதலில், அந்த எண் சரியா என்று பாருங்கள். விரலை அழுத்திப் பிழிந்து எடுத்த ரத்தத்தில் திசுநீர் கலந்து ஹெச்பி குறைவாகக் காட்டும். முதல் சொட்டைத் துடைத்துவிட்டு, தானாக வரும் அடுத்த சொட்டை எடுக்க வேண்டும். ரத்தச் சொட்டு வைக்கும் ஸ்ட்ரிப் டப்பாவின் மூடி திறந்தே கிடந்தால் ஈரம் பட்டு அளவு மாறும்.

ஒழுங்காகச் சாப்பிட்டால் ஒரு மாதத்தில் ஒரு கிராமாவது ஏற வேண்டும். ஏறாவிட்டால் அதே மாத்திரையை இன்னொரு மாதம் எழுதிக்கொண்டிருக்கக் கூடாது. குடற்புழுவுக்கு, கர்ப்பத்தில் மூன்று மாதம் முடிந்த பிறகு, அல்பெண்டசோல் 400 மில்லிகிராம் ஒருமுறை கொடுத்தாகிவிட்டதா, வைட்டமின் பி12 குறைவா, பரம்பரை ரத்தக் கோளாறான தலசீமியாவா, சிக்கிள் செல்லா என்று பார்க்க வேண்டும்.

உங்கள் ஆறு பேரில் கர்ப்பம் மூன்று மாதம் கடந்தவர்களுக்கு, ரத்தநாளம் வழியாகக் கொடுக்கும் இரும்பு மருந்தான அயர்ன் சுக்ரோஸ் ஏற்றலாம். கணக்கு: கர்ப்பத்துக்கு முந்தைய எடை × (11 – இப்போதைய ஹெச்பி) × 2.4, அதோடு 500. எடை 45 கிலோ, ஹெச்பி 8 என்றால் 824 மில்லிகிராம். ஒருமுறைக்கு 200, ஆக நான்கு முறை. 100 மில்லி நார்மல் சலைனில் (உப்புநீர்) கலந்து 15 முதல் 20 நிமிடத்தில், ஒருநாள் விட்டு ஒருநாள். குளுக்கோஸ் பாட்டிலில் கலக்கக் கூடாது. முடிந்தபின் அரை மணி நேரம் உட்காரவைத்து, அலர்ஜி வந்தால் போட அட்ரினலின் ஊசி பக்கத்தில் தயாராக இருக்க வேண்டும். ஏற்றும் நாட்களில் மாத்திரை வேண்டாம்.

இங்கேதான் ஊர்க்குழுவின் உதவி தேவை. பெரும்பாலோர் இரண்டு டோஸோடு நின்றுவிடுகிறார்கள், காரணம் பஸ். செவ்வாய் கர்ப்பிணிப் பரிசோதனை நாள். அன்று தொடங்கினால் வியாழன், சனி, அடுத்த செவ்வாயில் நான்கு டோஸும் முடியும். தகுதியுள்ளவர்களை ஒரே ஷேர் ஆட்டோவில் சேர்த்து அனுப்புங்கள். 108 இதற்கு வராது, அது அவசரத்துக்கு. வாடகையைக் கிராம சுகாதாரக் குழுவின் நிதியில் எடுக்கத் தீர்மானம் போட முடியுமா என்று தலைவரிடம் கேளுங்கள். முன்தினம் நிலையத்துக்கு எண்ணிக்கை சொல்லிவிட்டால் மருந்தும் கட்டிலும் தயாராக இருக்கும். சொல்லாமல் ஆறு பேர் வந்து நின்றால் மூன்று பேரைத் திருப்பி அனுப்ப நேரும்.

7-க்குக் கீழே இருந்தால் எங்களிடம் காத்திருக்க வேண்டாம், பெரிய ஆஸ்பத்திரி. 5-க்குக் கீழே என்றால் அன்றே அட்மிஷன், ரத்தம் ஏற்ற வேண்டிவரும்.

மகளிர்குழு ஊக்குநர், தருமபுரி மாவட்டம்:
நன்றி டாக்டர், சிஸ்டர். ஆறு பேரில் இரண்டு பேருக்கு அடுத்த மாதம் வளைகாப்பு. தாய்வீட்டுக்குப் போய்விடுவார்கள். நடுவில் நின்றுபோனால்?

கிராம சுகாதாரச் செவிலியர்:
பாதிப் பேரைத் தவறவிடுவது அந்த இடத்தில்தான். வளைகாப்புத் தேதி தெரிந்ததுமே உங்கள் நர்சம்மாவிடம் சொல்லுங்கள், முடிந்தால் அதற்குள் நான்கு டோஸையும் முடிக்கலாம். முடியாவிட்டால் தாய் சேய் நல அட்டையில் எந்தத் தேதி, எத்தனையாவது டோஸ், இன்னும் எத்தனை பாக்கி என்று எழுதி வாங்குங்கள். ஆர்சிஹெச் எண் (கர்ப்பப் பதிவு எண்) எந்த ஊருக்குப் போனாலும் அதேதான். தாய்வீட்டு ஊரில் புதிதாகப் பதியவிடாதீர்கள், பழைய விவரம் அவர்கள் கண்ணில் படாமல் போகும். அந்த ஊர் நர்சம்மாவின் நம்பரை வாங்கி, பெண் கிளம்பும் நாளில் ஒரு போன். கடைசி டோஸ் முடிந்து நான்கு வாரத்தில் ஹெச்பி பார்க்க வேண்டும், அந்தத் தேதியையும் அட்டையிலேயே எழுதிவிடுங்கள்.