எடுத்து வளர்க்கும் மகன், பள்ளிக்கூடத்தில் தினமும் சண்டை. யாரிடம் பேசுவது?

குளத்தடி:
வணக்கம். நாங்கள் கிளிநொச்சிப் பக்கம், வயல்காரக் குடும்பம். மகனை ஒன்றரை வயதில் எடுத்தோம், நீதிமன்றக் கட்டளை எல்லாம் ஒழுங்காக இருக்கிறது, அவனுக்கும் சின்னனிலேயே சொல்லிவிட்டோம். இப்போது தரம் 5. பிறப்புச் சான்றிதழ் சேர்த்த அன்று ரீச்சர் அவனுடையதை மட்டும் தூக்கிப் பார்த்து, "இது மகவேற்புப் பத்திரமோ" (தத்தெடுத்த பிள்ளைக்குக் குடுக்கிற பத்திரம்) என்று வகுப்புக்கு முன்னாலேயே கேட்டுவிட்டார். கெட்ட எண்ணத்தில் கேட்டிருக்க மாட்டார், ஆனால் அன்றைக்குத்தான் தொடங்கியது. "உன்னைக் காசு குடுத்து வாங்கினவை" என்று இரண்டு பேர் விடாமல் சொல்ல, போன செவ்வாய் இடைவேளையில் பைப்படியில் வைத்து இவன் ஒருவனுக்குத் தண்ணீர்ப் போத்தலால் அடித்துவிட்டான். உதடு வெடித்துவிட்டது. அடித்தது பிழைதான், அந்த வீட்டுக்குப் போய் மன்னிப்பும் கேட்டோம். ஆனால் அதிபர், மற்றவர்கள் என்ன சொன்னார்கள் என்று ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. "என்னதான் வளர்த்தாலும் பிறவிக் குணம் எண்டு ஒண்டு இருக்குத்தானே" என்றார். என் கணவர் எழும்பி வெளியே வந்துவிட்டார்.

நேற்று நெல் மூட்டைக்குப் பின்னால் அவனுடைய வெள்ளைச் சட்டை சுருட்டிக் கிடந்தது. தெறி மூன்று இல்லை, முதுகில் பேனையால் "வாங்கினது" என்று எழுதியிருக்கிறார்கள். நான் பார்க்கக் கூடாதென்று ஒளித்திருக்கிறான். பள்ளிக்கூடத்தை மாற்றுவதா, முறைப்பாடு செய்வதா?

பாலைமரம்:
அக்கா, நான் வவுனியாவில் படிப்பிக்கிறேன். மாற்றாதீர்கள். அடுத்த பள்ளிக்கூடத்துக்கும் அதே பத்திரம்தான் போகும், அங்கேயும் ஒரு ரீச்சர் தூக்கிப் பார்ப்பார். அதோடு புலமைப்பரிசில் பரீட்சை வருடம். அதிபரிடம் மூன்று விடயம் கேளுங்கள்: பத்திரம் அவருடைய அலுமாரியில் இருக்க வேண்டும், வகுப்பாசிரியர் கையில் அல்ல, அந்த இரண்டு பிள்ளைகளின் பெற்றோரையும் கூப்பிட வேண்டும், இடைவேளையில் பைப்படியில் ஒருவர் நிற்க வேண்டும். அந்த ரீச்சரோடு தனியாகக் கதையுங்கள், எனக்கும் இப்படி வாய் தவறியிருக்கிறது, ஒரு முறை குடும்ப மரம் வரையச் சொல்லி ஒரு பிள்ளையை அழவைத்திருக்கிறேன்.

மாங்குளத்தான்:
கதைத்துச் சரிவராது, எழுதிக் குடுங்கோ. திகதி, இடம், யார் என்ன சொன்னது, அதிபர் சொன்ன வசனம் உட்பட. ஒரு பிரதியில் "கிடைத்தது" என்று கையெழுத்து வாங்குங்கோ. அதற்கும் அசையாவிட்டால் வலயக் கல்விப் பணிமனை. பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருப்பார், அவரிடமும் போகலாம். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு எந்த நேரமும் எடுக்கலாம். "பிறவிக் குணம்" என்று இன்னொரு முறை சொன்னால், 1941 ஆம் ஆண்டு மகவேற்புச் சட்டப்படி அவன் உங்கள் வயிற்றில் பிறந்த பிள்ளைக்குச் சமன் என்று சொல்லுங்கோ. அந்தச் சட்டையைத் தோய்க்காதீர்கள்.

வீரையடி:
நான் எடுத்து வளர்க்கப்பட்ட பிள்ளைதான். 2009 யுத்தத்தில் அம்மா அப்பா இரண்டு பேரும் இறந்துபோய், இடம்பெயர்ந்த சனம் இருந்த மெனிக் பாம் முகாமில் இருந்து பெரியம்மாதான் கூட்டிக்கொண்டு வந்து வளர்த்தா. எங்கள் வகுப்பில் பாதிப் பேருக்கு யாரோ ஒருவர் இல்லை, ஆனாலும் கோபம் வந்தால் "தாய் இல்லாதது" என்றுதான் பேசுவார்கள். பெரியம்மா ஒவ்வொரு முறையும் சைக்கிளில் பறந்து வந்து வாசலில் நின்று சத்தம் போடுவா. எனக்கு அவர்கள் சொன்னதைவிட அந்தச் சத்தம்தான் வெட்கம், அதனால் சொல்வதையே விட்டுவிட்டேன். உங்கள் மகன் சட்டையை ஒளித்ததும் அதனால் இருக்கலாம். தரம் 8 இல் ஒரு நாள்தான் கேட்டா: "ரீச்சரிட்ட எதைச் சொல்லட்டும், எதை விடட்டும்?" அன்றிலிருந்து எல்லாம் சொன்னேன். கடிதத்தை அனுப்பமுதல் அவனுக்கு வாசித்துக் காட்டுங்கள். அவன் வெட்டச் சொல்வதை வெட்டுங்கள்.

குளத்தடி:
எல்லாருக்கும் நன்றி. இரவு வாசித்துக் காட்டினேன். "காசு குடுத்து" என்ற இடத்தை வெட்டச் சொன்னான், வெட்டினேன். சட்டை விடயம் இருக்கட்டுமாம், "அது அவையள் எழுதினது, நான் இல்லை" என்றான். அதிபர் சொன்னது அவனுக்குத் தெரியாது, அதைத் தனித் தாளில் எழுதியிருக்கிறோம். திங்கள் இரண்டு பேரும் போகிறோம், சத்தம் போடமாட்டேன் என்று இவரிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன். சட்டை தோய்க்காமல் பையில் இருக்கிறது.