லாமா முடியில் முரட்டு இழையைப் பிரிப்பது எப்படி?

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் பண்ணையில் அல்பாகாக்களும் சில லாமாக்களும் (இரண்டும் ஒட்டகக் குடும்பத்து விலங்குகள், முடிக்காக வளர்க்கிறோம்) இருக்கின்றன. ஆண்டுக்கு ஒரு முறை முடி கத்தரிக்கிறோம். அல்பாகாவில் பெரிய சிக்கல் இல்லை. முதுகு, விலா முடி ஒரு பையில், கழுத்து, கால் முடி வேறு பையில். ஆட்டுக் கம்பளியில் உள்ள பிசுக்கு இதில் இல்லாததால் அலசுவதும் சுலபம்.

லாமாதான் பிடிபடவில்லை. அதற்கு இரட்டை முடி: அடியில் மென்மையான பஞ்சு, மேலே நீண்ட விறைத்த முடி. ஒரு கற்றையை விரலால் பிரித்தாலே அந்த முரட்டு முடி சுருளில்லாமல் நேராகத் தனித்துத் தெரிகிறது. 30 மைக்ரானைத் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தாண்டிய தடிமனுள்ள இழை நூலில் கலந்தால் கழுத்தில் குத்தும். கையால் பொறுக்கினால் நல்ல பஞ்சும் கூடவே போகிறது, மனசு கேட்கவில்லை.

சீப்பால் வாரிப் பிரிப்பவர்கள் இருக்கிறீர்களா? அலசுவதற்கு முன்பா, பின்பா?

அப்புறம், சில கற்றைகளை இரு முனையும் பிடித்துச் சுண்டினால் நடுவில் படக்கென்று அறுகின்றன. நோய், தீவனக் குறைவு வந்த காலத்தில் வளர்ந்த பகுதி இப்படி ஆகும் என்று தெரியும். அந்த முடியை நூற்கலாமா, ஃபெல்ட் (நூற்காமல் முடியை அழுத்திப் பின்னச் செய்யும் துணி) செய்ய ஒதுக்கிவிடலாமா? செய்து பார்த்தவர்கள் விவரமாகச் சொல்லுங்கள். படம் இருந்தால் இன்னும் நல்லது.