புல்தரைச் சிலந்திக்குப் ‘புனல்வலை’ வேண்டாம், ‘தூம்புவலை’ வைப்போம்

அன்பர்களுக்கு வணக்கம்.

வட அமெரிக்கப் புல்தரைகளில் வலை பின்னும் அகெலெனாப்சிஸ் என்ற சிலந்திப் பேரினத்துக்குத் தமிழ்ப் பெயராகப் ‘புனல்வலைச் சிலந்தி’ (புனல் வடிவ வலை பின்னுவது) என்று முன்மொழிந்திருக்கிறீர்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. அந்தப் பெயர் ஆஸ்திரேலியாவின் ஏட்ரக்ஸ் சிலந்திக்குத்தான் பொருந்தும். சிட்னி வட்டாரத்தில் ஆட்கொல்லியாக அறியப்பட்ட அதற்கு 1981இல்தான் நச்சுமுறி மருந்து வந்தது. அகெலெனாப்சிஸோ மனிதருக்குத் தீங்கு செய்யாதது. ஆளைக் கண்டால் ஓடி ஒளியும். இரண்டும் நெருங்கிய உறவும் அல்ல. ஒரே பெயரை இரண்டுக்கும் வைத்தால் படிக்கிற பிள்ளை வீணாகப் பயப்படும்.

வலையைக் கூர்ந்து பாருங்கள். புல் நுனிகளின் மேல் தட்டையாக விரித்த ஒரு படலம். அதில் பசை கிடையாது. மேலே குறுக்கும் நெடுக்குமாகச் சில இழைகள். பறந்து வரும் பூச்சி அவற்றில் இடறிப் படலத்தில் விழும். ஓரத்தில் ஒரு குழல். அதன் வாயில் சிலந்தி காத்திருக்கும். அதிர்வு தெரிந்த கணமே பாய்ந்து, கடித்து, இரையைக் குழலுக்குள் இழுத்துக்கொண்டு போய்விடும். பசை இல்லாத குறையை வேகம் ஈடுகட்டுகிறது. உடலின் பின்னால் இரட்டை வால்போல் நீண்டு தெரிபவை, வலை இழையை வெளியிடும் நூற்புறுப்புகள்.

குழலின் பின்பக்கமும் திறந்தே இருக்கும். ஆபத்து வந்தால் அந்த வழியாகத் தப்பிவிடும். அதனால்தான் ‘தூம்பு’ என்கிறேன். நீர் ஒரு பக்கம் புகுந்து மறுபக்கம் வெளியேறும் வழிக்கு ஏரிப் பாசனத்தில் வழங்கும் சொல் அது. யானையின் துதிக்கையைத் ‘தூம்புடைத் தடக்கை’ என்கிறது புறநானூறு. ‘புனல்’ என்றாலோ, எண்ணெய் ஊற்றும் புனலை நினைக்காமல், நம் வாசகர் பாதிப்பேருக்கு ஆற்று வெள்ளம்தான் நினைவுக்கு வரும்.

‘புல்வெளிச் சிலந்தி’ என்று மட்டும் வைக்கலாமே என்றும் ஒரு கருத்து வந்தது. அதுவும் போதாது. நம் ஊர்ப் புல்தரைகளில் இதேபோல் குழலோடு வலை பின்னும் ஹிப்பாசா என்ற வேறொரு சிலந்திப் பேரினம் இருக்கிறது. அது ஓநாய்ச் சிலந்திக் குடும்பம். தாய் முட்டைப் பையை நூற்புறுப்பில் ஒட்டிச் சுமந்து திரியும். அதில் ஓர் இனத்துக்கு ‘அகெலெனாய்ட்ஸ்’, அதாவது அகெலெனா (அகெலெனாப்சிஸின் குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு பேரினம்) போன்றது என்றே அறிவியல் பெயர்.

எனவே அகெலெனாப்சிஸுக்குப் ‘புல்தரைத் தூம்புவலைச் சிலந்தி’, ஹிப்பாசாவுக்குத் ‘தூம்புவலை ஓநாய்ச் சிலந்தி’ என்று முன்வைக்கிறேன். முதல் பெயர் நீளம் என்று தோன்றினால், கட்டுரையில் ஒருமுறை முழுதாகச் சொல்லிவிட்டுப் பிறகு ‘தூம்புவலையன்’ என்று சுருக்கிக்கொள்ளலாம். அகெலெனாப்சிஸ் அடங்கும் அகெலெனிடே குடும்பத்துக்கும் ‘தூம்புவலை’யே அடிச்சொல்லாக இருக்கட்டும். மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.