துளை காட்டிய திசை ஒன்று, ரிப்போர்ட்டில் வந்த திசை வேறு: உங்க அனுபவம் என்ன?

காசிமேடு காலிப்பர்:
பூமிக்குள்ள பாறையை எந்தத் திசையில அதிகமா நெருக்குதுன்னு ஆழ்துளையில் பார்க்கிற வேலை. அதுல வந்த ஒரு எக்செல் ஷீட் இன்னும் உறுத்துது. துளையிடும்போது சுவரில் விழுந்த இழுவிசை விரிசல்கள் (பெரிய கிடைத் தகைவு, அதாவது பக்கவாட்டில் அதிகமா நெருக்குற அழுத்தம், இருக்கிற திசையிலேயே இவை விழும்), வடக்கிலிருந்து டிகிரியில் நாலு ரீடிங்: 4, 176, 8, 172. ஆவரேஜ் 90 வந்திருக்கு. உடனே பெரிய கிடைத் தகைவு கிழக்கு-மேற்குன்னு எழுதியாச்சு. துளைச் சுவரோட படமான இமேஜ் லாகைத் திறந்தா நாலுமே அப்பட்டமா வடக்கு-தெற்கு! அதோட விடல. தீபகற்பத்தோட பொதுப்போக்கான வடக்கு-வடகிழக்கை விட்டு இந்த இடம் ஏன் விலகுதுன்னு ஒரு பத்தி விளக்கம் வேற. கோட்டுக்குத் தலை, வால் கிடையாது; 4ம் 184ம் ஒண்ணுதான். கோணத்தை இரட்டிப்பாக்கி, ரேடியனுக்கு மாத்தி, சைன், கொசைன் தனித்தனியா கூட்டி, ஏடான்2 (அந்த ரெண்டிலிருந்து கோணம் தர்ற ஃபங்ஷன்) போட்டு, வந்ததைப் பாதியாக்கணும். எக்செல்லில் கொசைன் முதல்ல, பைத்தானில் சைன் முதல்ல. அங்கேயும் வழுக்கும்.

வியாசர்பாடி:
நம்ம பக்கம் மேல ஆத்து மணலும் களியும்தான், அதுல திசை தேடுறதே வீண். நான் சொல்றது பல்லாவரம் மாதிரி சார்னோகைட்ங்கிற கெட்டிப் பாறையில போட்ட ஒரு துளை. 60 மீட்டரில் காலிப்பர் (துளை விட்டத்தை அளக்கிற கருவி) ஒரு பக்கம் நீண்டிருக்கு, லாகில் "பிரேக்அவுட்", அதாவது தகைவு தாங்காம சுவர் நசுங்கி உதிர்ந்த இடம்னு குறிச்சிருக்காங்க. கணக்கு போடுங்க: மேல இருக்கிற பாறைப் பாரம் சுமார் 1.6 மெகாபாஸ்கல். கிடையில் 5, 3ன்னு தாராளமாவே வைங்க. சுவரில் அதிகபட்சம் மூணு மடங்கு பெருசு, கழித்தல் சின்னது: 12. சார்னோகைட்டோட நசுங்கு வலிமை பொதுவா 100க்கு மேல. அது எப்படி உதிரும்? துளைச் சுவரைப் படமெடுக்கிற டெலிவியூவரில் பள்ளம் ஒரே பக்கம்தான். பிரேக்அவுட்னா 180 டிகிரி எதிர்ல ஜோடி இருக்கணும். இது துளையிடும் ராடு உரசின பள்ளம்.

மணலி பேக்கர்:
வியாசர்பாடி சார், கணக்கு சரி. ஆனா "அந்த ஆழத்துல திசையே எடுக்க முடியாது"ன்னு யாராவது புரிஞ்சுக்கப் போறாங்க. தண்ணி அழுத்தத்தால பாறையை உடைச்சுப் பார்க்கிற ஹைட்ரோஃப்ராக் எதுக்கு இருக்கு? எங்க கண்ணுல பட்டது ஒரு இம்ப்ரெஷன் பேக்கர் (பேக்கர்னா துளைக்குள்ள ஊதி அடைக்கிற ரப்பர் பை; இது சுவரோட விரிசலைப் பதிவு எடுக்கிற வகை): ரப்பரில் விரிசல் கோடு கத்தி மாதிரி தெளிவு, ஆனா காம்பஸ் ஸ்டீல் ராடுக்குப் பக்கத்துலயே மாட்டியிருந்தது. திசை குப்பைக்குத்தான்.

செய்யறவங்களுக்கு: துளையிலிருந்து எடுத்த பாறை உருளைகள் இருக்கிற கோர் பெட்டியைப் பார்த்து விரிசலே இல்லாத இடமா எடுங்க. ரெண்டு பேக்கருக்கு நடுவுல ஒரு மீட்டர் போல விடுங்க. பேக்கர் அழுத்தம் எப்பவும் நடுப்பகுதி அழுத்தத்துக்கு மேலயே இருக்கணும், இல்லேன்னா தண்ணி ஓரமா கசிஞ்சு, பாறை உடைஞ்ச மாதிரியே கிராஃப் காட்டும். உடைஞ்சதும் பம்பை நிறுத்தி வால்வை மூடுங்க. அழுத்தம் சட்டுனு இறங்கி வளையுற இடம்தான் ஷட்-இன், அதாவது விரிசலை மூடப் பார்க்கிற தகைவோட அளவு. மூணு சுத்தாவது அதே விரிசலைத் திரும்பத் திறந்து பாருங்க. அப்புறம் மென்ரப்பர் பேக்கரை, மறுபடி திறந்த அழுத்தத்துக்குக் கொஞ்சம் மேல வெச்சு அரை மணி நேரமாவது அழுத்திப் பிடிங்க. காம்பஸுக்கும் ராடுக்கும் நடுவுல காந்தம் இழுக்காத பித்தளைத் துண்டோ அலுமினியத் துண்டோ வேணும். கேசிங் (துளையின் மேல்பகுதியில இறக்கின இரும்புக் குழாய்) அடியிலிருந்து சில மீட்டருக்குக் காந்த ரீடிங்கே எடுக்காதீங்க. சென்னைப் பக்கம் டிக்ளினேஷன் (காந்த வடக்குக்கும் நிஜ வடக்குக்கும் உள்ள வித்தியாசம்) ரெண்டு டிகிரிக்குள்ளதான், ஆனா திருத்தியாச்சா இல்லையான்னு ரிப்போர்ட்ல எழுதுங்க. ரெண்டு பேர் ரெண்டு தடவை திருத்தின கதையும் உண்டு.

தண்டையார்பேட்டை:
மணலி அண்ணே, முக்கியமானதை விட்டுட்டீங்க. வியாசர்பாடி போட்ட கணக்குலயே மூணுல சின்னது எது? செங்குத்து, 1.6. விரிசல் துளையை விட்டு விலகினதும் சின்னத் தகைவுக்குக் குறுக்கதான் திறக்கும், அதாவது இங்கே படுக்கையா. அப்படிப்பட்ட ஒரு ரப்பர் பதிவு: துளையைச் சுத்தி ஒரு வளையம், மேல் கீழா ஒரு கோடு கூட இல்ல. அதுல என்ன திசை படிப்பீங்க? சில சமயம் சுவரில் செங்குத்தாத் தொடங்கி உள்ள போய்ப் படுத்துக்கும். அப்போ பதிவில் திசை கிடைக்கும், ஆனா சுத்துக்குச் சுத்து ஷட்-இன் இறங்கி பாறைப் பாரத்துக்கிட்ட வந்து நிக்கும். அந்த எண்ணைக் கிடைத் தகைவுன்னு எழுதக் கூடாது. அப்படிப்பட்ட இடத்துல, ஆழம் குறைவா இருந்தா ஓவர்கோரிங் (அளவுக் கருவியைச் சுத்திப் பாறையை வெட்டி விடுவிச்சு, அது விரியுறதை அளக்கிறது) செய்யலாம், இல்லேன்னா பல கோணத்துல ஏற்கெனவே இருக்கிற விரிசல்களைத் தனித்தனியாத் திறந்து மொத்தமா கணக்குப் போடுற முறை.